கம்பியும் சவ்வும்

1800ஆம் ஆண்டு லண்டனில் நிக்கல்சன், கார்லைல் இருவரும் வோல்டா மின்னடுக்கின் பித்தளைக் கம்பிகளை நீரில் அமிழ்த்தினர். ஒன்றில் ஹைட்ரஜன் குமிழியிட்டது. மற்றது ஆக்சிஜனை விழுங்கிக் களிம்பேறிற்று. பிளாட்டினக் கம்பி வைத்த பின்னரே இரு வாயுக்களும் வெளிவந்தன.

தொழிற்சாலைகளில் காரக் கரைசலும் மலிவான நிக்கல் மின்வாய்களும் இடம்பெற்றன. ஆனால் இரு வாயுக்களும் கலந்தால் வெடிக்குமே! இடையே கல்நார்த் துணியைக் கட்டினர். கல்நார்த் தூசு புற்றுநோய் விளைவிப்பது பின்னரே தெளிவாயிற்று.

1960களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான நாஃபியான் சவ்வு வாயுக்களைத் தடுத்து, ஹைட்ரஜன் அயனிகளைக் கடத்தும். ஆயினும் அதன் அமிலத் தன்மையில் நிக்கல் கரைந்துவிடும். ஆக்சிஜன் பக்கம் இரிடியம் வேண்டும். இரிடியமோ உலகெங்கும் ஆண்டுக்குச் சில டன்களே கிடைக்கிறது! ஆகவே ஹைட்ராக்சைடு அயனிகளைக் கடத்தும் சவ்வின் ஆயுளைக் கூட்ட இன்று முயல்கிறார்கள். அங்கே நிக்கலே போதும்.