நெத்திலியின் நீண்ட பயணம்: இறால் தீவனத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பெரு நாட்டு நாவலாசிரியர் ஹோசே மரியா அர்கேடாஸ் 1969ஆம் ஆண்டின் இறுதியில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தபோது அவருடைய கடைசி நாவல் முற்றுப்பெறாமல் இருந்தது. 'மேலுலக நரியும் கீழுலக நரியும்' எனப் பொருள்படும் தலைப்பில் 1971இல் அது நூலாக வந்தது. அதன் களம் சிம்போட்டே என்னும் துறைமுக நகரம். ஆண்டிஸ் மலைகளிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கிவந்த கெச்சுவா மொழி பேசும் உழவர்கள், கடலோடிகள், ஆலைத் தொழிலாளர்கள், விலைமாதர் ஆகியோர் மீன் தூள் ஆலைகளின் புகைக்கும் நாற்றத்துக்கும் நடுவே வாழும் வாழ்வே அதன் பொருள். இறால் தீவனத்தைப் பற்றிப் பேசப் புகுந்த நாம் ஒரு நாவலிலிருந்து தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இன்று உலகெங்கும் இறால் பண்ணைகளில் தூவப்படும் குருணையின் முன்கதை அந்த நகரத்தின் வழியாகவே செல்கிறது.

சிம்போட்டேயில் தூளாக்கப்பட்டது நம்மூர் நெத்திலியின் உறவு மீன். பெரு நாட்டவர் அதனை அஞ்சோவேட்டா என்பர். ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர்ந்த வளத்தில் இம்மீன் கணக்கற்றுப் பெருகுகிறது. அதனை முதலில் உண்டு கொழுத்தவை கடற்பறவைகள். அவற்றின் எச்சம், குவானோ என்னும் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகச் சென்று, பெருவின் கருவூலத்தைப் பல பத்தாண்டுகள் நிரப்பியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பறவையை விலக்கிவிட்டு மீனையே நேராக விற்கும் வழி பிறந்தது. கலிபோர்னியக் கரையில் மத்தி மீன்வளம் சரிந்து, ஸ்டைன்பெக்கின் 'கேனரி ரோ' நாவலால் நாம் அறிந்த மான்டெரே ஆலைகள் ஓய்ந்தபோது, அப்பகுதியின் பழைய இயந்திரங்கள் பெருவுக்குக் கப்பலேறின. குவானோ நிர்வாகத்தின் எதிர்ப்பு பலிக்கவில்லை. 1970இல் அஞ்சோவேட்டா பிடிப்பு 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டியது. அவ்வாண்டு உலகில் பிடிபட்ட மீனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இது.

அந்தத் தூளை அன்று உண்டது இறாலன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருந்த கோழிகளும் பன்றிகளுமே. 1972-73இல் எல் நீன்யோ கடலைச் சூடாக்கியது. அளவிறந்த பிடிப்பினால் முன்னரே நலிந்திருந்த மீன்வளம் 1973இல் 20 லட்சம் டன் அளவுக்குச் சரிந்தது. பெரு அரசு ஆலைகளை நாட்டுடைமையாக்கிற்று. மீன் தூள் இல்லாமற்போகவே கால்நடைத் தீவனக்காரர்கள் சோயாப் புண்ணாக்கின் பக்கம் திரும்ப, அதன் விலை எகிறியது. 1973 ஜூனில் அமெரிக்க அதிபர் நிக்சன் சோயா ஏற்றுமதிக்குத் தடை விதித்தார். தடை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் அமெரிக்க சோயாவையே நம்பியிருந்த ஜப்பான் அந்த அதிர்ச்சியை மறக்கவில்லை. பிரேசிலின் செராடோ புல்வெளியை சோயா வயலாக்கும் பெருந்திட்டத்துக்கு 1970களின் இறுதியில் அது பணமும் தொழில்நுட்பமும் அளித்தது. பெருவின் கடலில் மீன் குறைந்ததற்கும் பிரேசிலின் புல்வெளி உழப்பட்டதற்கும் இடையிலான இத்தொடர்பை நினைவில் இருத்திக்கொள்வோம். பிற்காலத்தில் இறாலின் உணவுத்தட்டில் இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்ந்தன.

இறால் வளர்ப்பின் கதை தனியே தொடங்கியது. ஜப்பானிய அறிஞர் ஃபுஜினாகா மோட்டோசாகு 1930களில் குருமா இறாலை முட்டையிடச் செய்து, அதன் இளவுயிரிகளுக்கு டயாட்டம் என்னும் நுண்பாசியை ஊட்டி வளர்த்துக் காட்டினார். 1960களில் தொழிலாக மாறியபோதும் அங்கே இறாலுக்கு இட்டது சிப்பிச் சதையும் மலிவான மீனுமே. ஓர் உயிரினத்தைப் பெருமளவில் வளர்க்க வேண்டுமாயின் அதன் தேவையைச் சத்துச் சத்தாகப் பிரித்தறிதல் வேண்டும். ககோஷிமா பல்கலைக்கழகத்தில் கனாசாவா அக்கியோவும் அவரைச் சார்ந்தோரும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைச் செய்தனர். இறாலால் கொலஸ்ட்ராலைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது, உணவின் வழியாகவே பெற வேண்டும் என்பது அந்த ஆய்வுகளின் முக்கியமான முடிவுகளுள் ஒன்று. புரதம், கொழுப்பு, கொலஸ்ட்ரால் மூன்றையும் ஒரே பொருளில் எளிதாகத் தரக்கூடியது எது? மீன் தூளும் கணவாய், இறால் தலை ஆகியவற்றின் தூளும்தான். கோழியும் பன்றியும் சோயாவுக்குப் பழகிவிட்ட காலத்தில், மீன் தூளுக்குப் புதிய நுகர்வோர் ஒருவர் இவ்வாறு பிறந்தார்.

தைவானில் லியாவ் ஐ-ச்சியு 1968இல் டைகர் இறாலின் குஞ்சு வளர்ப்பில் வெற்றி கண்டார். ஆலையில் செய்த குருணைத் தீவனம் அங்கே பரவலாகியதும் குட்டையில் நெருக்கமாக இறாலை விடுவது சாத்தியமாயிற்று. 1987இல் தைவானின் உற்பத்தி சுமார் 90,000 டன். அடுத்த ஆண்டே அதில் மூன்றில் ஒரு பங்காக அது வீழ்ந்தது. தின்னாது மிஞ்சிய தீவனமும் கழிவும் நீரைக் கெடுத்தன, நோய் பரவியது, நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பிங்துங் கரையோர ஊர்கள் தாழ்ந்தன. ஆனால் தொழில் அழியவில்லை. அறிவும் ஆலையும் முதலும் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும், பின்னர் வங்கக்கடலின் இக்கரைக்கும் இடம்பெயர்ந்தன.

இக்கரை என்னும்போது நாகப்பட்டினத்தைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1990களின் தொடக்கத்தில் கீழத்தஞ்சையின் கடலோர நெல்வயல்கள் இறால் பண்ணைகளாக மாறியபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கூலி உழவர்களைத் திரட்டி எதிர்த்து நின்றனர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. நன்மையைவிட இழப்பே மிகுதி என நாக்பூர் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் அளித்த அறிக்கை அத்தீர்ப்பில் பெரிதும் எடுத்தாளப்பட்டது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பண்ணைகளுக்கு வேறு வழியில் இடமளித்தது. இதற்கிடையே 1994 இறுதியிலிருந்து வெண்புள்ளி நோய் நீதிமன்றத்துக்கும் முந்திக்கொண்டு பல குட்டைகளைக் காலி செய்திருந்தது.

அன்றைய விவாதம் நிலத்தையும் நீரையும் பற்றியதாகவே இருந்தது. தீவனத்தைப் பற்றிய கேள்வி 2000 ஜூனில் 'நேச்சர்' இதழில் ரோசமண்ட் நேலரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையால் உலக அரங்குக்கு வந்தது. இறாலும் சால்மனும் தாம் தரும் எடையைவிட அதிக எடை கடல்மீனைத் தீவனமாக விழுங்குகின்றன என்று அவர்கள் காட்டினர். 2014இல் பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ், தாய்லாந்தின் இறால் தீவனத்துக்கான கழிவு மீனைப் பிடிக்கும் படகுகளில் பர்மிய, கம்போடியத் தொழிலாளர்கள் அடிமைகளாக விற்கப்பட்டிருந்ததை வெளிக்கொணர்ந்தது. அர்கேடாஸ் சிம்போட்டேயில் கண்டதைவிட இது கொடியது. கழிவு மீன் என்னும் சொல்லையும் நாம் சற்று ஐயத்துடன் நோக்க வேண்டும். மங்களூர்க் கரையிலும் செனகல், காம்பியா, மொரிட்டானியா கரைகளிலும் தூள் ஆலைக்குச் செல்லும் மத்தியும் பிற சிறுமீன்களும் ஏழையின் குழம்புக்கு உரியவை. கருவாடாக்கி விற்கும் பெண்களின் பிழைப்பு அவற்றைச் சார்ந்தது. ஆலைக்காரரோடு விலையில் போட்டியிட அவர்களால் இயலாது.

இத்தகைய கண்டனங்கள் ஒருபுறமிருக்க, மாற்றத்தை விரைவுபடுத்தியது விலைதான். டைகர் இறாலைவிடக் குறைந்த புரதத்தில் வளரும் பசிபிக் வெள்ளை இறால், அதாவது வனாமி, 2000க்குப் பின் ஆசியாவை ஆட்கொண்டது. இந்தியா 2009இல் அதற்கு அனுமதி வழங்கியது. 1990களில் தீவனத்தில் கால்பங்குக்கு மேல் இருந்த மீன் தூள் இன்று அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த இடத்தைப் பெரும்பாலும் சோயாப் புண்ணாக்கு நிரப்பியுள்ளது. நேலர் குழுவினரே 2021இல் எழுதிய மறுபார்வையில் இம்முன்னேற்றத்தை ஒப்புக்கொண்டனர். எனினும் விகிதம் குறைந்தாலும் மொத்தம் பெருகுகிறது: உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில் 2022இல் வனாமி உற்பத்தி 68 லட்சம் டன். 2023இல் எல் நீன்யோ காரணமாகப் பெரு தன் முதற்பருவ மீன்பிடிப்பை நிறுத்தியபோது தூள் விலை ஏறியதை ஆசியத் தீவன ஆலைகள் உடனே உணர்ந்தன. சோயாவும் நிலையானதன்று. 2021இல் உள்நாட்டு விலை ஏறியதால் மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன்னை இறக்குமதி செய்ய இந்தியா அனுமதித்தது. பூச்சித் தூள், நுண்ணுயிர்ப் புரதம் முதலியன பற்றிய பேச்சு மிகுதி. விலையில் அவை இன்னும் சோயாவை வெல்லவில்லை.

இந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்பவர் குட்டைக்காரர். அவருடைய செலவில் பாதிக்கு மேல் தீவனம். அதையும் பலர் முகவரிடம் கடனாகவே வாங்குகின்றனர். அறுவடையில் கழிக்கும்போது ரொக்க விலையைவிடக் கூடுதலாகவே அது முடிகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, இறால் விலை ஆந்திரக் கரையில் இறங்கியது. தீவனக் கடன் இறங்கவில்லை. ஏற்றுமதியில் 10 லட்சம் டன்னை 2022இல் கடந்த ஈக்வடாரில், பெரும் பண்ணைகள் நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி, இறால் மெல்லும் ஓசையைக் கேட்டு இயந்திரத்தால் தீவனமிடுகின்றன. நம் கரையில் இரவு விழித்திருந்து 'செக் ட்ரே' என்னும் தட்டைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவும் சிறு விவசாயி அந்த ஈக்வடார்ப் பண்ணையோடுதான் போட்டியிட வேண்டும்.

நம்முள் பெரும்பாலோர் இறாலை விரும்பி உண்பவர்களே. உண்ணலாகாது எனச் சொல்வது நம் நோக்கமன்று. குவானோவாகவும் கோழித் தீவனமாகவும் இறால் குருணையாகவும் நெத்திலி இனம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்த ஊர்கள் ஒவ்வொரு முறையும் அதனினும் மலிவான எதையோ உண்ணப் பழகிக்கொண்டன. அடுத்த முறை சந்தையில் நெத்திலி ஏன் இவ்வளவு விலை என மீன்காரம்மாவிடம் கேட்கும்போது, அவர் தரும் பதிலை நாம் சற்று நின்று கேட்கலாம். மீன் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கக்கூடும்.