அரிசியும் ஒரூசாவும்: ஒரு சொல்வழித் தடம்

அரிசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘ஒரூசா’. இலத்தீன் வழியாக இத்தாலிய ‘ரீசோ’, ஆங்கில ‘ரைஸ்’ ஆகியவற்றுக்கு அதுவே மூலம். அது தமிழ் ‘அரிசி’யின் திரிபு என்னும் கருத்து, கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தில் இடம்பெற்ற நாள்முதல் நம் ஆய்வரங்குகளில் முடிந்த முடிபாகவே வழங்கி வருகிறது. காலம், வழி, ஒலி என்னும் மூன்று அளவைகளால் அதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலாவது காலம். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தியோபிரஸ்டஸ் தம் தாவரநூலில் இச்சொல்லை ஆள்கிறார். கி.மு. 406இல் மறைந்த சோபோகிளீஸ் ‘ஒரிந்தெஸ்’ என்றோர் அப்பத்தைக் குறித்ததாகவும், அது அரிசியால் ஆனதென விளக்கம் உண்டெனவும் அதெனேயஸ் தெரிவிக்கிறார். செங்கடல் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கலங்கள் இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்ட்ராபோ கூறுவதோ அகஸ்டஸ் காலத்தைப் பற்றியது. தமிழகத்தோடு நேரடிக் கடல்வணிகம் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்பே சொல் கிரேக்கத்தை அடைந்துவிட்டது.

இரண்டாவது வழி. அலெக்சாந்தருடன் வந்த அரிஸ்தோபுலஸ், தேங்கிய நீரில் வளரும் நெல்லை வருணித்து, அது பாக்திரியா, பாபிலோனியா, சூசா நாடுகளிலும் விளைவதாகச் சொல்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூலும், அரிசி ஏற்றுமதியை அரியாக்கே, பரிகாசா ஆகிய வடமேற்குப் பகுதிகளோடு இணைக்கிறது.

மூன்றாவது ஒலி. பாரசீகத்தில் ‘பிரிஞ்’, பஷ்தோவில் ‘வ்ரிஜே’, வடமொழியில் ‘வ்ரீஹி’. அத்திக் கிரேக்கம் சொன்முதல் வகரத்தை இழந்த மொழி. பாரசீக ‘விஷ்தாஸ்ப’ அங்கு ‘ஹுஸ்தாஸ்பெஸ்’ ஆயிற்று. எனவே வகரமுதற் சொல்லொன்று உயிர்முதலாகத் திரிந்தது இயல்பே. ‘ஒரிந்தெஸ்’ என்பதன் மெல்லெழுத்தும் ‘பிரிஞ்’ வடிவோடு பொருந்துகிறது. ஆகவே, ஈரானிய வழியே வலுவுடையது.

இதனால் திராவிடத் தொடர்பு அற்றுப்போவதில்லை. இருக்கு வேதத்தில் காணப்படாத ‘வ்ரீஹி’ அதர்வ வேதத்தில்தான் தோன்றுகிறது. அது ஆரியமல்லாத மூலத்தினின்று பெற்ற கடனாகலாம் என்பர். தெலுங்கு ‘வரி’ (நெல்) என்பதை நோக்க, ‘அரிசி’யும் ‘வ்ரீஹி’யும் ஒரு பழைய வேரின் கிளைகளாகலாம் என்னும் கருதுகோளுக்கு இடமுண்டு. அவ்வாறாயின் ‘அரிசி’ ஒரூசாவின் தாயன்று, தொலைவுறவு.

உறுதியான சான்று வேண்டுவோர் இஞ்சியை நோக்குக. தியோஸ்கொரிதெஸ் வழங்கும் ‘சிங்கிபெரிஸ்’ பாலி மொழியின் ‘சிங்கிவேர’ என்பதோடு இணைகிறது. அதன் ஈறு நம் ‘வேர்’. ‘சிப்பி’, ‘இப்பி’ என்பவற்றிற்போல் முதற் சகரம் கெட்டு ‘இஞ்சி’ நின்றது.

ஐயத்திற்குரிய ஒரு சொல்லை உறுதியென முழங்கினால், உறுதியான சொல்லும் உலக அறிஞரிடையே ஐயத்திற்குள்ளாகும். தமிழின் தொன்மைக்கு நாம் காட்டும் சான்றுகள் இம்மூன்று அளவைகளையும் தாங்கி நிற்றல் வேண்டும்.