விக்டர் தனதாக்கிக்கொண்ட படம்

‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ படம் எப்படிப் பிறந்தது என்று கேட்டவர்களுக்கு அதன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் ஒரு கதை சொல்வார். காரில் போகிற வழியில், விடியற்காலையில், உப்சாலாவில் பாட்டி வாழ்ந்த வீட்டருகே நின்றாராம். சமையலறைக் கதவைத் திறந்தால் தன் பால்யகாலம் உள்ளே அப்படியே இருக்குமோ என்று தோன்றியதாம். 1990இல் வந்த தன் நூலில் அவரே அதைப் பொய் என்று ஒதுக்கிவிட்டார்.

திரைக்கதை எழுதப்பட்டது 1957இல், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில். பெற்றோரோடு அவருக்குத் தீராத மனத்தாங்கல். நாற்பதைத் தொடாத அவர், தன் தனிமையை ஈசக் போர்க் என்ற 78 வயது மருத்துவருக்குக் கொடுத்தார். தோற்றத்தில் அப்பா, உள்ளுக்குள் தானே.

அந்த வேடத்துக்கு வந்தவர் விக்டர் ஷோஸ்ட்ரோம். மௌனப்படக் காலத்தின் மாபெரும் இயக்குநர். அவருடைய ‘தி ஃபாண்டம் கேரேஜ்’ (1921) படத்தைப் பெர்க்மன் வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெர்க்மன் தன் முதல் படத்தில் எல்லோரோடும் சண்டை போட்டுத் தடுமாறியபோது, பிடரியைப் பிடித்து ஸ்டூடியோ வாசலில் நடத்திச் சென்று, ‘எளிமையாக எடு, நடிகர்களை முகத்துக்கு நேரே எடு’ என்று புத்தி சொன்னவரும் இவர்தான்.

‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ படப்பிடிப்பின்போது விக்டருக்கு வயது 77. உடல் தளர்ந்திருந்தது, வசனம் மறந்தது. மாலையானால் வீட்டில் விஸ்கியோடு உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கடைசிக் காட்சிக்கோ சாயங்கால வெயில் தேவைப்பட்டது. நேரம் தப்பிய கோபத்தில் முணுமுணுத்தபடிதான் வந்து நின்றார். கேமரா ஓடியதும் அந்த முகம் மலர்ந்தது. தூரத்தில் அப்பாவையும் அம்மாவையும் காணும் கிழவரின் முகத்தில் அத்தனை கனிவு, அத்தனை தெளிவு.

படம் 1958இல் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்றது. 1960 ஜனவரியில் விக்டர் மறைந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, பெற்றோரிடம் தான் வைத்த மன்றாடலே அந்தப் படம் என்று பெர்க்மன் புரிந்துகொண்டார். ஆனால் விக்டர் அதைத் தன் வலியாலும் தனிமையாலும் நிரப்பித் தனதாக்கிக்கொண்டார், இனி அது அவருடைய படம் என்றும் எழுதினார். மறைந்த நண்பருக்கு ஓர் இயக்குநர் இதைவிடப் பெரிய மரியாதை செய்துவிட முடியாது. பெற்றோர்மீது ஆற்றாமையோடு எழுதப்பட்ட கதை மன்னிப்பின் கதையாக மாறியது அந்த முகத்தால்தான்.