யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறும் உவர்நீரும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே நீர் காண்பது. எனவே இப்பிரதேசத்து விவசாயத்தின் வரலாறு பெரும்பாலும் கிணற்றின் வரலாறே. அதில் உழவரின் உழைப்பு பேசப்பட்ட அளவுக்கு, கிணற்றின் அடியில் இயங்கும் உவர்நீர் பேசப்படவில்லை. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவது அவசியமாகும்.

குடாநாட்டின் அடித்தளம் மயோசின் காலச் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளினூடாக இறங்கும் மழைநீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேல் வில்லை வடிவில் தங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபனும், 1901 இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் இந்நிலையை விளக்கினர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்தில் நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். மறுவளமாக, நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நீடித்தால், உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி வரை மேலெழக்கூடும்.

இவ்வெல்லை நிலையானதன்று. கடலின் வற்றுப்பெருக்கு சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் வழியே உள்நாட்டுக் கிணறுகளையும் எட்டுகின்றது. தூரம் கூடக்கூட அதன் தாக்கம் குறைந்தும் தாமதித்தும் தோன்றும். புத்தூர்க் கிணற்றின் நீர்மட்டம் நாளாந்தம் சிறிதளவு ஏறி இறங்குவதையும், மேலே நன்னீரும் அடியில் உவர்நீரும் இருப்பதையும் எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியான தமது நூலில் குறிப்பிட்டார். இவ்வசைவு இருவகை நீரையும் கலக்கச் செய்து இடைப்பட்ட சவர்நீர்ப் படையை அகலமாக்குகின்றது.

ஆயினும் எல்லையின் நிலையைப் பெரிதும் நிர்ணயிப்பது பருவமே. வடகீழ்ப் பருவமழை நீர்மட்டத்தை உயர்த்த, நன்னீர் கடலை நோக்கிப் பாய்ந்து உவர்நீரைப் பின்தள்ளுகின்றது. கடலோரத்தில் ஊறும் கீரிமலைக் கேணி இப்பாய்ச்சலின் வெளிப்பாடாகும். கோடையில் பாய்ச்சல் தளர, உவர்நீர் மீண்டும் முன்னேறுகின்றது. ஆகவே தரைக்கீழாகக் கடலைச் சேரும் நீர் அனைத்தும் வீண் எனக் கொள்வது தவறாகும். அதன் ஒரு பகுதியே கடலைத் தடுத்து நிற்கின்றது.

துலா இறைப்பு இச்சமநிலைக்குத் தன்னையறியாமலே இசைந்திருந்தது. துலா மிதிப்போரின் உடல்வலு இறைக்கும் அளவுக்கு வரம்பிட்டது. கிணற்றுப் பங்கும் இறைப்பு முறையும் காணி உறுதிகளில் எழுதப்பட்டன. எனினும் அக்காலத்தை இலட்சியமாக்குதல் பொருந்தாது. அவ்வுழைப்பின் பெருஞ்சுமையைத் தாங்கியோர் நிலமற்ற கூலியாட்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே. நல்லதண்ணீர்க் கிணற்றில் அள்ளும் உரிமைகூட அவர்களிற் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது.

1960களில் பரவிய நீரிறைக்கும் இயந்திரம் அவ்வுழைப்பை இலகுவாக்கியது. கூடவே வரம்பையும் நீக்கியது. 1970இன் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலையளித்தமையால் இறைப்பு மேலும் பெருகியது. கோடையின் உச்சத்தில், வில்லை மிக மெலிந்திருக்கும் வேளையிலேயே, இறைப்பும் மிகுந்தது. இயந்திரம் வைத்திருப்பவர் மிகுதியாக இறைக்க, அயற்கிணறும் சவராகலாம். கிணறு தனியுடைமை, அதன் கீழுள்ள வில்லையோ பொதுவுடைமை. முரண்பாட்டின் வேர் இதுவே.

பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த திட்டம் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, அந்நீரைக் குடாநாட்டினுள் கொண்டுவர முனைந்தது. பொதுமுயற்சியாலன்றிப் பொதுநீரைக் காக்க இயலாது என்பதை உணர்த்தியதே அதன் சிறப்பு. ஆயினும் நீரைச் சேர்ப்பது பாதி வேலையே. எவர், எப்பருவத்தில், எவ்வளவு இறைக்கலாம் என்பதைக் கிராமங்கள் கூடித் தீர்மானிக்கும் ஒழுங்கு மறுபாதியாகும். அன்று கிணற்றுக்கு எழுதிய பங்கை இன்று வில்லைக்கும் எழுதவேண்டியுள்ளது. இம்முறை எவரையும் விலக்காது எழுதவேண்டும்.