ஃபாம் சுவான் ஆன்: 'டைம்' செய்தியாளராக இருந்த வியட்நாம் உளவாளி

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவின் 'டைம்' வார இதழுக்கு சைகோனிலிருந்து செய்தி அளித்து வந்த ஃபாம் சுவான் ஆன், அதே ஆண்டுகளில் வட வியட்நாமின் உளவாளியாகவும் செயல்பட்டவர். போர் முடியும் வரை உடன் பணியாற்றியவர்கள் எவருக்கும் இது தெரியாது.

சைகோனுக்கு அருகே உள்ள பியென் ஹோவாவில் 1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி பிறந்த ஆன், 1953-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். உளவுப் பணிக்கு இதழியலே சிறந்த போர்வை எனக் கருதிய கட்சி, அவரை அத்தொழிலைக் கற்க அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1957 முதல் 1959 வரை கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கோஸ்ட் கல்லூரியில் பயின்ற அவர், 'சாக்ரமென்டோ பீ' நாளிதழிலும் பயிற்சி பெற்றார்.

நாடு திரும்பியதும் ராய்ட்டர்ஸ் நிறுவனத்திலும், பின்னர் 'டைம்' இதழிலும் பணிபுரிந்தார். தென் வியட்நாம் தளபதிகளும் அமெரிக்க அதிகாரிகளும் அவரை நம்பினர். செய்தியாளர்கள் கூடும் ஜிவ்ரால் காப்பிக் கடையில் நாள்தோறும் அமர்ந்திருந்ததால், 'ஜெனரல் ஜிவ்ரால்' என்ற பட்டப்பெயரும் அவருக்கு உண்டு. பகலில் திரட்டிய விவரங்களை இரவில் கண்ணுக்குத் தெரியாத மையினால் எழுதுவார். ஆவணங்களைப் படம் பிடிப்பார். படச்சுருள்கள் உணவுப் பொட்டலங்களில் மறைத்துவைக்கப்பட்டு, சந்தையில் சில்லறைப் பொருள் விற்கும் ஒரு பெண் வழியாக கு சி சுரங்கங்களைச் சென்றடைந்தன. 1963 ஜனவரியில் நடந்த அப் பாக் சண்டையில் ஐந்து அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன. அச்சண்டைக்குப் பயன்பட்ட தகவல்களுக்காக அவருக்குப் பதக்கம் வழங்கப்பட்டது.

'டைம்' இதழுக்குத் தாம் பொய்ச் செய்தி அளித்ததில்லை என்றே அவர் பிற்காலத்தில் கூறிவந்தார். அதை மறுக்கும் சான்று எதையும் முன்னாள் சகாக்கள் முன்வைக்கவில்லை. எனினும், அவர் அனுப்பிய தகவல்களின் விலையைப் போர்க்களத்தில் இருந்தவர்கள் உயிரால் கொடுத்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. மறுபுறம், 1970-இல் கம்போடியாவில் சிறைபிடிக்கப்பட்ட 'டைம்' செய்தியாளர் ராபர்ட் சாம் ஆன்சனின் விடுதலைக்காக அவர் இரகசியமாகப் பரிந்து பேசினார். 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபோது, தென் வியட்நாமின் முன்னாள் உளவுத் தலைவரும் தம் நண்பருமான டிரான் கிம் துயென் ஹெலிகாப்டரில் தப்பிச் செல்லவும் உதவினார். வென்ற தரப்பின் பார்வையில் அவர் தப்பவிட்டது ஒரு பகைவரை.

ஆனின் மனைவியும் பிள்ளைகளும் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர் மட்டும் சைகோனிலேயே தங்கினார். பின்னர் குடும்பத்தினரும் நாடு திரும்பினர். 1976-இல் 'மக்கள் ஆயுதப் படையின் வீரர்' பட்டம் அளித்த அதே அரசு, அமெரிக்கர்களோடு நெடுநாள் பழகியவர் என்பதால் 1978-இல் அவரை ஹனோயில் அரசியல் வகுப்புக்கு அனுப்பியது. வெளிநாட்டினரைச் சந்திக்கவும் பல ஆண்டுகள் தடை இருந்தது. 1990-இல் அவர் மேஜர் ஜெனரலாகப் பதவி உயர்த்தப்பட்டார்.

நுரையீரல் நோயால் அவதியுற்றுவந்த ஃபாம் சுவான் ஆன், 2006 செப்டம்பர் 20-ஆம் தேதி ஹோ சி மின் நகரில் காலமானார். இராணுவ மரியாதையுடன் அவரது இறுதிச் சடங்கு நடைபெற்றது.