ஆசிரியரின் கூலி: தென்னார்க்காட்டுத் திண்ணையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷியர் பலர் பொருள் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டனர். அவரவர் வசதிக்கேற்ப நாலாயிரம் திர்ஹம் வரையில் மீட்புத்தொகை பெறப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கொடுக்க ஒன்றுமில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் விடுதலை என்பதே அது. அவ்வாறு எழுத்துக் கற்றவர்களுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என இப்னு ஸஅத் தம் 'தபகாத்' நூலில் குறிப்பிடுகிறார். பின்னாளில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பணியை ஏற்றவர் இந்த ஸைத் (ரலி) அவர்களேயாவார்.

இந்நிகழ்ச்சியைக் கல்வியின் சிறப்புக்குச் சான்றாக மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். அதனுள் ஒரு கணக்கும் அடங்கியுள்ளதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் உழைப்பு ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடாக மதிக்கப்பட்டது. கற்பித்தவன் பகைவன், இணைவைப்பவன். ஆயினும் அவன் உழைப்பு விலையின்றிக் கொள்ளப்படவில்லை.

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று நம் ஊர்களில் ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். 'அர்ப்பணிப்பு', 'தியாகம்' என்னும் சொற்கள் அன்று தவறாமல் ஒலிக்கின்றன. அவை பொருளற்ற சொற்களல்ல. ஆனால் தியாகம் என்பது செய்பவர் தாமே முன்வந்து தருவது. பெறுபவர் கேட்டு வாங்குவதன்று. இந்த வேறுபாட்டை மறந்ததனால் விளைந்தவற்றைப் பழைய தென்னார்க்காட்டின் இரு ஊர்களாகிய விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் முன்வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்குமுன், மார்க்க அறிஞர்கள் இப்பொருளை எவ்வாறு அணுகினர் என்பதை அறிந்துகொள்வது நலம். திண்ணைத் தோழர்களுக்கு எழுத்தும் குர்ஆனும் கற்பித்த உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களுக்கு மாணவர் ஒருவர் வில்லொன்றை அன்பளிப்பாகத் தந்தார். அதுகுறித்து அவர் வினவியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்ததாக அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. மறுபுறம், கூலி பெறுவதற்கு மிகத் தகுதியானது இறைவேதமே என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரியில் உள்ளது. இவ்விரண்டினிடையே பெருவிவாதம் எழுந்தது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழியினர் கூலியை அனுமதித்தனர். ஹனஃபி மத்ஹபின் முன்னோர் மறுத்தனர்; ஆனால் அம்மத்ஹபின் பிற்காலச் சட்ட அறிஞர்கள், குறிப்பாக பல்க் நகரத்தார், தம் முன்னோரின் தீர்ப்பை மாற்றிக்கொண்டனர். அவர்கள் காட்டிய காரணம் கருதத்தக்கது. முன்னோர் காலத்தில் கற்பிப்போருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை கிடைத்துவந்தது. அது நின்றபின், கூலியும் கூடாதென்றால் கற்பிப்போரே இல்லாமற் போவர், வேதம் மறக்கப்படும். அதாவது, கூலி வேண்டாம் என்ற பழைய சட்டம் ஆசிரியர் பட்டினி கிடக்கட்டும் எனக் கருதி வகுத்ததன்று. அவர் வயிற்றுக்குப் பொறுப்பேற்க வேறொருவர் இருந்த காலத்துச் சட்டம் அது.

இதனினும் தெளிவானது கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி. பாலைவனக் கிராம மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க யஸீத், ஹாரிஸ் என்னும் இருவரை அவர் அனுப்பி, இருவருக்கும் ஊதியம் வகுத்தார். யஸீத் பெற்றுக்கொண்டார், ஹாரிஸ் மறுத்துவிட்டார். செய்தி கலீஃபாவை எட்டியது. யஸீத் செய்ததில் குற்றமேதும் இல்லை என்றும், ஹாரிஸைப் போன்றோரை இறைவன் பெருகச் செய்வானாக என்றும் அவர் எழுதியதாக அபூஉபைத் 'கிதாபுல் அம்வால்' நூலில் பதிவுசெய்துள்ளார். ஹாரிஸைப் போற்றிய கலீஃபா யஸீதின் ஊதியத்தை நிறுத்தவில்லை. ஹாரிஸுக்கும் முதலில் ஊதியத்தை வகுத்த பின்னரே, அவர் மறுக்க ஓர் இடம் ஏற்பட்டது என்பதும் நோக்கத்தக்கது.

இனித் தென்னார்க்காட்டுக்கு வருவோம். 1714இல் ஆர்க்காட்டு நவாப் ஸஆதத்துல்லாஹ் கான் செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் பெயரால் அங்கு எழுந்த பள்ளிவாசல் இன்றும் கோட்டைக்குள் நிற்கிறது. செஞ்சியைச் சூழ்ந்த விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் உருது பேசும் தக்கினி முஸ்லிம்களும், மரக்காணம், கோட்டக்குப்பம் முதலான கரையோர ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் வாழ்ந்துவந்தனர். முன்னவர் பிள்ளைகள் மக்தபில் உருதும் பாரசீகமும், பின்னவர் பிள்ளைகள் குர்ஆனோடு அரபுத்தமிழும் பயின்றனர். பிற சமயத்துப் பிள்ளைகளுக்கு ஊர்த் திண்ணையே பள்ளி. மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்து, பின் ஓலைக்குச் சென்றனர். ஆசிரியர் பெற்றது தவசமும் திருநாட் காணிக்கையும்தான். குர்ஆன் ஓதி முடித்த நாளில் உஸ்தாதுக்குத் துணியும் சிறு தொகையும் வழங்கும் வழக்கமும் அத்தகையதே.

அம்மணலெழுத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி. 1789இல் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளிக்குத் தலைமையேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டார். பின்னர் 'மதராஸ் முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தில் பரவியது. 1832இல் மறைந்த பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் கண்ட அந்தத் திண்ணை ஆசிரியரின் பெயரோ நமக்குக் கிட்டவில்லை!

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டார். தென்னார்க்காடும் அறிக்கை அனுப்பியது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் கணக்கு வந்தது. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் ஆசிரியரின் வருவாயையும் தொட்டுக் காட்டினார். மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவோர் அரிது. இவ்வருவாய் தக்கவர்களை இத்தொழிலுக்கு ஈர்க்காது என்பது அவர் முடிவு. எனவே ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு தலைமைப் பள்ளிகள், ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். வட்டப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய் எனத் திட்டமிட்டார். மறு ஆண்டே மன்றோ காலரா நோய்க்குப் பலியானார். அவரது பள்ளிகளும் பத்தாண்டு கடக்குமுன் கைவிடப்பட்டன. ஆசிரியர் வறுமையை அரசு தன் கைப்பட எழுதிவைத்தும் தீர்க்காமல் விட்டதற்கு இது தொடக்கச் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த முறை இதனினும் கொடியது. தேர்வு முடிவையொட்டி மானியம் அளிப்பது அம்முறை. ஆண்டுக்கொருமுறை பார்வையாளர் வருவார். படிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஆசிரியருக்குப் பணம் வழங்கப்படும். அன்று ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும், அறுவடைக்கு வயலுக்குச் சென்றாலும் அவ்வளவும் இழப்பு. வேளாண்மையையே நம்பிய விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களில் இது எத்தகைய சுமையாக இருந்திருக்கும் என்பதை எவரும் உணரலாம். ஏழைப் பிள்ளைகளை நாடிச் சென்ற ஆசிரியரே இம்முறையில் அதிகம் இழந்தார். திண்டிவனத்தில் பள்ளி நடத்திய அமெரிக்க ஆர்க்காடு மிஷனைப் போன்ற அமைப்புகளுக்கு வெளிநாட்டு நிதி துணைநின்றது. தனித்து நின்ற திண்ணை ஆசிரியருக்கும் மக்தப் முல்லாவுக்கும் அத்துணையும் இல்லை.

முஸ்லிம்களின் கல்வி பின்தங்கியிருப்பதை அரசு 1870களில் கவனிக்கத் தொடங்கியது. 1882இல் அமைந்த ஹண்டர் குழு, முஸ்லிம் ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி, முஸ்லிம் பார்வையாளர்கள், நாட்டு மக்தபுகளுக்கு ஊக்கம் எனப் பல பரிந்துரைகளை வழங்கியது. சென்னை மாகாணத்தில் முஸ்லிம் மாணவர் பாதிக் கட்டணம் செலுத்தினாற் போதும் என்ற சலுகையும் இருந்தது. மாணவருக்குச் சலுகை கிடைத்ததில் மகிழலாம். ஆயினும் இன்றளவும் நம் சமுதாயக் கல்வி வரலாறுகள் கல்லூரி நிறுவிய வள்ளல்களின் பெயர்களையே நிரப்பிக்கொண்டுள்ளன. வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் செல்வர் அள்ளித் தந்ததை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அக்கல்லூரிகளுக்குள் நுழையுமளவுக்குப் பிள்ளைகளை ஆளாக்கியவர் யார்? வீட்டு முற்றத்தில் பெண்பிள்ளைகளை அமர்த்தி ஓதிக்கொடுத்த முதிய பெண்களுக்கு எந்த மலரில் இடமுண்டு? அடுக்களை வேலைக்கிடையே அலிஃப் பே சொல்லிக்கொடுத்த அவர்களுள் பலர் கணவனை இழந்தவர்கள். ஊர் அதைப் புண்ணியம் என்றது. கூலி என்ற சொல்லை உச்சரிக்கவும் கூசியது.

விடுதலைக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பேற்றதும் திருப்புமுனைகள். பகலுணவுத் திட்டத்தை யாவரும் அறிவர். அதற்குச் சற்று முன்னரே, 1955இல், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்ததை அறிந்தோர் குறைவு. அதுவரை அப்பள்ளிகளில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்றவர் சிறு சேமிப்போடு வீடு திரும்பினார். அது தீர்ந்தபின் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்தார். இத்திட்டத்துக்குப் பின்னரே அவர் முதுமையிலும் தலைநிமிர்ந்து வாழ இயன்றது. 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், நிர்வாகி நினைத்தவுடன் ஆசிரியரை நீக்கும் நிலைக்குத் தடையிட்டது. 1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். இவையெல்லாம் தாமாகக் கனிந்தவையல்ல. ஆசிரியர் இயக்கங்கள் பல்லாண்டு போராடிப் பெற்றவை. கூலி கேட்டதால் அவர்தம் அர்ப்பணிப்பு குறைந்ததாக எவரும் காட்டமுடியாது. மாறாக, தமிழகத்தின் கடைக்கோடிச் சிற்றூர்வரை பள்ளி சென்றடைந்தது அக்காலத்தில்தான்.

1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை எட்டியபோது, விழுப்புரம் மாவட்டம் 72 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஆசிரியர் மிகத் தேவைப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று இது. இக்காலத்தில்தான் பழைய கதை திரும்பியது. 1.4.2003 முதல் பணியேற்றோர் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் ஓய்வூதியப் பயன்களுக்காகவும் பிற உரிமைகளுக்காகவும் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் மாநிலமெங்கும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தபின் பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் அமர்த்தப்பட்ட புதிய ஆசிரியர்கள் சில ஆயிரம் ரூபாய்த் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளினர். 2006 ஜூனில்தான் அவர்களுக்குக் காலமுறை ஊதியம் கிட்டியது. 2012இல் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேர் அமர்த்தப்பட்டபோது மாத ஊதியம் 5,000 ரூபாய். ஓவியமும் தையலும் உடற்கல்வியும் கற்பித்த இவர்களுக்கும் செப்டம்பர் 5 வாழ்த்து தவறாமல் கிடைத்தது.

ஹாரிஸின் வழியில் நின்றோரும் இம்மண்ணில் உண்டு. திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, கல்வித்துறை முறைகேடுகளை எதிர்த்தும் பழங்குடி இருளர் உரிமைக்காகவும் பல்லாண்டுகள் போராடியவர். திண்டிவனம் ரோசணையில் அவர் முயற்சியால் எழுந்த தாய்த்தமிழ்ப் பள்ளி, எளியோர் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி தருவதை நோக்கமாகக் கொண்டது. நன்கொடையை நம்பி இயங்கும் இத்தகைய பள்ளிகளில் பெருஞ்சுமையைத் தாங்குவோர் ஆசிரியர்களே. பேராசிரியரின் தியாகம் அவர் விரும்பித் தேர்ந்தது, போற்றுதற்குரியது. அத்தகைய பள்ளியின் வகுப்பறையில் நிற்கும் இளம் ஆசிரியைக்கு முழு ஊதியம் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி, அப்போற்றுதலால் தீர்ந்துவிடுவதில்லை.

இக்கேள்வி நம் பள்ளிவாசல் வாயிலிலும் நிற்கிறது. 2009இல் தமிழக அரசு உலமாக்கள் மற்றும் பணியாளர் நலவாரியத்தை அமைத்தபோது, அரபுப் பாடசாலை ஆசிரியர்களும் அதில் உறுப்பினராக வழி பிறந்தது. அரசு தன் பங்கில் ஒரு சிறு பகுதியைச் செய்தது. ஜமாஅத்தின் பங்கு எங்கே? ஃபஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் மக்தபில் பிள்ளைகளை ஓதவைக்கும் உஸ்தாதின் மாதத் தொகையை நம் ஜமாஅத்துகள் எவ்வாறு முடிவுசெய்கின்றன என்பதை அறியாதவர் இல்லை. மினாராவுக்கு வண்ணம், ஒளுச்செய்யும் தடாகத்துக்குப் பளிங்குக்கல், ஒலிபெருக்கி எல்லாம் முடிந்தபின், மீதத்தைப் பார்த்து அவர் தொகை பேசப்படுகிறது. உயர்த்தித் தருமாறு அவர் கேட்டால், இக்லாஸ் இல்லை என்ற பேச்சு எழுகிறது. ஊதியம் வாங்கிய யஸீதிடம் குற்றமில்லை என்று கலீஃபா எழுதினார். ஆண்டுக் கணக்கை மஹல்லாவின் முன் படிக்கும் அடுத்த வெள்ளிக்கிழமையன்று, உஸ்தாதின் பெயரை அப்பட்டியலின் முதல் வரியில் எழுத எந்த முத்தவல்லி முன்வருவார்?