பட்டி: வேலியும் ஊரும்

கோவையைச் சூழ்ந்துள்ள ஊர்ப்பெயர்களை எண்ணுவார்க்குப் ‘பாளையம்’ என்னும் ஈற்றோடு உடன் நினைவில் எழுவது ‘பட்டி’. சரவணம்பட்டி, காளப்பட்டி, சின்னவேடம்பட்டி, கருமத்தம்பட்டி, பாப்பம்பட்டி என அவ்வரிசை நீளும். மூன்றெழுத்துச் சொல்தான். எனினும் கொங்கு மண்ணில் மக்கள் குடியமர்ந்த வரலாற்றின் ஒரு கூறு அதனுள் பொதிந்து கிடக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பட்டி என்பதற்கு மாட்டுத் தொழுவம், ஆட்டுக் கிடை, சிற்றூர் எனப் பொருள்கள் தருகின்றது. முதலிரண்டும் கொங்கு உழவர் வாயில் இன்றும் வழங்குவன. படல்களை நிறுத்தி, ஆடுகளை இரவில் அடைத்து, நிலத்துக்கு எரு சேர்ப்பது பட்டி போடுதல். காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகள் மேய்ச்சல் நிலங்களாக விளங்குகின்றன. மாட்டுப் பொங்கல் இங்கே பட்டிப் பொங்கல். பட்டியிலே சிறு தெப்பக்குளம் அமைத்துக் கால்நடைகளை மிதிக்கச் செய்வது அந்நாளின் சடங்கு. ஈழத் தமிழரும் அவ்விழாவைப் பட்டிப் பொங்கல் என்றே வழங்குகின்றனர்.

நொய்யற் கரையில் பேரூர் இறைவன் பெயர் பட்டீசுவரர். கச்சியப்ப முனிவர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய பேரூர்ப் புராணம் அத்தலத்தின் பெருமை கூறும் நூல். காமதேனுவின் கன்றாகிய பட்டியின் குளம்பு புற்றிலிருந்த இலிங்கத்தின்மேல் பதிந்தது என்பது தல வரலாறு. இதனைச் சரித்திரச் சான்றாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இப்பகுதி மக்கள் தம் இறைவனையும் ஆநிரையோடு சேர்த்தே எண்ணினர் என்பது கருதத்தக்கது.

மேட்டுப்பாளையம் கடந்து மலையேறினால் இச்சொல்லின் உடன்பிறப்பைக் காணலாம். நீலகிரிப் படகர் தம் ஊரை ‘ஹட்டி’ என்பர். அங்குள்ள நடுஹட்டியைத் தமிழாக்கினால் நடுப்பட்டி. கன்னட நாட்டிலும் ஆயர் குடியிருப்பு ‘கொல்லரஹட்டி’ எனப்படும். பழங்கன்னடத்தின் மொழிமுதற் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பள்ளி ஹள்ளி என வருவன இதற்குச் சான்று. 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பம்பர் காலத்து மொழியில் அப்பகரம் நிலைத்திருந்தது. இத்தகைய உறவுகளைப் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தொகுத்துக் காட்டுகிறது.

ஒலி ஒத்தால் உறவு என்று துணிந்துவிடலும் ஆகாது. வாளையாறு கடந்தால், பட்டி என்றவுடன் மலையாளிக்கு நினைவுக்கு வருவது நாய். ஒலிமாற்றம் ஒழுங்காக அமைவதும் பொருள் இயைவதும் சேர்ந்தே உறவை மெய்ப்பிக்கும். ஐரோப்பாவில் யாக்கோபு கிரிம் 1822இல் விளக்கிய நெறியும் இதுவே. இலத்தீன் ‘பாத்தெர்’ என்பதன் இனச்சொல் ஆங்கிலத்தில் ‘பாதர்’ என நிற்க, மொழிமுதற் பகரம் பற்களுக்கும் இதழுக்கும் இடையே காற்றாய் வெளிப்படும் ஒலியாக மாறியதை அந்நெறி கொண்டே உணர்கிறோம்.

பொருள் வளர்ச்சியிலும் அம்மொழிக் குடும்பம் நமக்கொரு துணைச்சான்று தருகிறது. ஜெர்மானியர் வேலியைச் ‘சவுன்’ என்பர். அதன் இனச்சொல் டச்சு மொழியில் ‘தவுன்’ என ஒலித்துத் தோட்டத்தைக் குறிக்கும். ஐஸ்லாந்தில் ‘தூன்’ என்பது வீட்டையடுத்த புல்வெளி. அதே சொல்லே ஆங்கிலத்தில் ‘டவுன்’ ஆகி நகரைக் குறித்தது. வேலி, வேலிக்குட்பட்ட நிலம், அந்நிலத்தில் அமைந்த வீடு, வீடுகள் திரண்ட ஊர் என அச்சொல் விரிந்தது. தொடர்பே இல்லாத இரு குடும்பங்களில் வேலியும் அடைப்பும் ஊராக வளர்ந்திருப்பது, மேய்ச்சலும் உழவும் மேற்கொண்ட மாந்தர் எங்கும் ஒருபடித்தாகவே எண்ணினர் என்பதை உணர்த்துகிறது.

சரவணம்பட்டியும் காளப்பட்டியும் சின்னவேடம்பட்டியும் 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தன. மேய்ச்சல் நிலம் மனையாகிறது. புதிய மனைப் பிரிவுகள் ‘நகர்’ என்றும் ‘கார்டன்’ என்றும் பெயர் பூணுகின்றன. ‘பட்டிக்காடு’ என்னும் ஏளனத்துக்கு அஞ்சிப் பழம்பெயரை மறைப்பாரும் உளர். அவர்கள் விரும்பி ஏற்கும் ‘கார்டன்’ என்னும் சொல்லோ, அடைக்கப்பட்ட இடம் என்னும் பொருளுடைய ஜெர்மானிய வேரினின்று முளைத்தது. வேலியை விட்டு விலகுவதாக எண்ணி, அயலார் வேலிக்குள்ளேயே புகுகிறோம்.

கால்நடை குறைந்தால் பட்டி குறையும்; அதனைத் தடுத்தல் கவிஞரால் இயலாது. ஆனால் ஊர்ப்பெயரைத் திருத்தமாக எழுதுதலும், ஊர் முதியோரிடம் அதன் காரணம் கேட்டுக் குறித்து வைத்தலும் நம் கைக்கு எட்டுவன. பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.